நீலமாய் எரிந்தது

பனி விலகாத காலையில் வீட்டுக்குப் பின்னாலிருந்து டென்சில் இருமிக்கொண்டே ஓடிவந்தான். முகமெல்லாம் கரி. புருவத்தில் பாதியைக் காணோம். அவனுக்குப் பின்னால் தீய்ந்த சோளத்தின் நாற்றம் ஓடை நெடுக வந்தது. அடுக்களை வாசலில் ரொட்டிச் சட்டியும் கையுமாக நின்ற ஓப்பல், புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னங்க இது கோலம்?"

"ஒண்ணுமில்ல. ஊறல் அடிபிடிச்சிருச்சு. கிண்டிக்கிட்டே இருந்திருக்கணும் போலருக்கு."

"போலருக்கா? அதுகூடத் தெரியாமத்தான் அடுப்ப மூட்டுனீங்களா?"

"யாருடி பொறக்கும்போதே தெரிஞ்சிக்கிட்டுப் பொறக்கறா? ரெண்டு தடவ கெட்டா மூணாவது தடவ வந்துட்டுப் போவுது."

"வந்துட்டுப் போகட்டும். மொதல்ல அந்த மூஞ்சியக் கழுவுங்க. ஷெரிப் வந்து பார்த்தா வேற சாட்சியே வேணாம்."

டென்சில் குடிகாரன் இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு சொட்டுக்கூடத் தொண்டைக்குள் இறக்காதவன். அமெரிக்காவின் கென்டக்கி மலையில் பாப்லர் ஓடைக்கரையில் வாழும் ஓடைக்காரர்கள் எல்லாரும் போகும் கோயிலில் ஞாயிறு தவறாமல் இரண்டாவது வரிசையில் உட்காருகிறவன். நிலக்கரிச் சுரங்கம் மூடிய பிறகு, வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை போட்டு லாரி ரிப்பேர் பார்த்தான். எந்த வண்டியானாலும் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான் என்று பேர். அந்தப் பேர்மீது அவனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிரியம் என்றும் சொல்லிவிட வேண்டும்.

அப்படிப்பட்டவன் விஸ்கி காய்ச்சக் கிளம்பியதற்குக் காரணம் ஆர்வில். ஓப்பலின் தம்பி. தாயில்லாப் பிள்ளையாக அக்கா கையால் வளர்ந்தவன், அவர்கள் வீட்டிலேயே ஓர் அறையில் இருந்தான். பகலில் மர ஆலையில் வேலை, சனிக்கிழமை சாயங்காலம் பாஞ்சோ வாசிப்பு. அவன் விரல்கள் அந்தத் தந்திகளில் ஓட ஆரம்பித்தால், நடக்கவே முடியாதவர்கள்கூடத் தரையைத் தட்டுவார்கள். நகரத்து வானொலி நிலையத்தில் அவனைப் பற்றிக் கேள்விப்பட்டு, இலையுதிர்காலத்தில் வந்து வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். ஓடைக்காரர்கள் எல்லாரும் அதைத் தங்களுக்கே வந்த அழைப்பாக நினைத்தார்கள்.

ஆர்விலுக்கு வாசித்து முடித்ததும் இரண்டு மடக்கு வேண்டும். அந்த வட்டாரத்திலோ மது விற்கத் தடை. தடை இருக்கிற இடத்தில் விற்கிறவனுக்கா பஞ்சம்? சந்தில் விற்றவனிடம் வாங்கிக் குடித்த ஒரு சனிக்கிழமை, ஆர்வில் ரத்தம் ரத்தமாக வாந்தி எடுத்தான். சுர்ரென்று காரம் ஏறட்டும் என்று அந்தப் பாவி சாராயத்தில் துணி வெளுக்கும் மருந்தைக் கலந்திருந்தானாம். மச்சினனைத் தோளில் போட்டுத் தூக்கி வந்த டென்சிலுக்கு அன்றைக்கு மனசு கொதித்துப் போயிற்று.

"இனிமே நீ கண்டவன் சரக்கத் தொடக் கூடாது. குடிக்காம இருக்க முடியாதுன்னா, நானே காய்ச்சித் தர்றேன். சுத்தமா. கலப்படமே இல்லாம."

"மாமா, நீங்களா? உங்களுக்குக் கஞ்சியே காய்ச்சத் தெரியாதே!" என்று படுக்கையில் கிடந்தபடியே சிரித்தான் ஆர்வில்.

குடிக்காம இருக்க முடியாதுன்னா. அந்த 'முடியாதுன்னா' என்ற இடத்தில் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பாசம் யோசிக்க விடவில்லை.

காய்ச்சுவது எப்படி என்று அந்த மலையில் யாரும் யாருக்கும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. முடி வெட்டும் கடையில் ஒருவர் ஒரு வார்த்தை விடுவார், மாவு ஆலையில் இன்னொருவர் இன்னொரு வார்த்தை. முழுசாகக் கேட்டால் எல்லாரும் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். டென்சில் அந்தத் துண்டு துணுக்குகளைப் பொறுக்கித் தானாகவே கோத்துக்கொண்டான். முதல் ஊறல் அடிபிடித்தது. அடுத்தது புளித்து நாறி, பன்றிகள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டன.

ஆவியைக் குளிரவைத்துச் சாராயமாக இறக்க, பாம்பு சுருண்ட மாதிரி ஒரு செம்புக் குழாய் வேண்டும். செம்புக் குழாய் யார் வாங்கினாலும் கடைக்காரர் வட்டாரப் போலீஸ் அதிகாரியான ஷெரிப்பின் காதில் போட்டுவிடுவார். அது ஊருக்கே தெரியும். டென்சில் கொட்டகையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். மூலையில் உடைந்த லாரியிலிருந்து கழற்றிய ரேடியேட்டர் கிடந்தது. என்ஜின் சூட்டைத் தணிக்கிற சாமான் ஆவியின் சூட்டைத் தணிக்காதா? தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான். பழைய துரு, எண்ணெய் எல்லாம் போக வெந்நீரும் சலவைச் சோடாவும் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினான். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டார்கள்.

இந்தத் தடவை சாராயம் இறங்கியது. கண்ணாடி ஜாடியில் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. ஜாடியை மூடிக் குலுக்கினான். மேலே பொடிப்பொடியாக முத்துக் கட்டி நின்று, மெதுவாக உடைந்தது. பிறகு ஒரு கரண்டியில் ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினான். அந்த மலையில் எல்லாரும் நம்புகிற சோதனை அது. சிவப்பாக எரிந்தால் கெட்டது, நீலமாக எரிந்தால் நல்லது. நீலமாய் எரிந்தது.

"பார்த்தியாடி! சொக்கத் தங்கம்!" என்று கூவினான்.

"தங்கமோ பித்தளையோ, எனக்கு மனசுக்கு ஒப்பல" என்றாள் ஓப்பல்.

ஆர்வில் ஒரு மடக்கு உறிஞ்சி, கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டினான். "மாமா, லேசா இனிப்பா இருக்கு. சர்க்கரை போட்டீங்களா?"

"ஒரு மண்ணும் போடல. சுத்தமான சரக்குன்னா அப்படித்தான்டா இருக்கும், மச்சான்."

பேச்சு பரவியது. ஓடை வளைவில் ஓர் அடிமரம் உண்டு. வேண்டுமென்கிறவர்கள் காலி ஜாடியை அதன்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஜாடி நிறைந்திருக்கும். யார் வைத்தது, யார் நிரப்பியது என்று யாரும் கேட்பதில்லை. மேல் ஓடையில் தனியாகக் காய்ச்சுகிற ஹோபர்ட்கூட ஒருநாள் கொட்டகைக்கு வந்து, ரேடியேட்டரை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, "பரவால்லியே, என்னைப் பார்த்துக் கத்துக்கிட்டியா?" என்று கண்ணடித்தான். அவனும் அதே வழியைத்தான் பிடித்திருந்தான்.

கோடை முடிவதற்குள் ஆர்வில் வெளுத்துப் போனான். சாப்பாடு இறங்கவில்லை. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். "ஆலையில வேலை ஜாஸ்தி" என்று அவன் சொன்னான். "எல்லாம் இந்தக் குடிதான்" என்று ஓப்பல் சொன்னாள்.

"அடிப் போடி. சந்துக்காரன் சரக்கா குடிக்கறான்? என் கையால செஞ்சது. வலிக்கு அதுவே மருந்து" என்ற டென்சில், மச்சினனுக்குச் சூடாக்கி, தேன் கலந்து, தானே ஊட்டினான். வலி வந்த போதெல்லாம் ஊட்டினான். இதைப் பின்னால் நினைத்து அவன் எத்தனை தடவை சுவரில் தலையை முட்டிக்கொண்டான் என்பது ஓப்பலுக்கு மட்டுமே தெரியும்.

அறுவடை விருந்தன்று கோயில் முற்றத்தில் அவரைக்காயும் கறியும் சோள ரொட்டியும் சாப்பிட்டு முடித்த கையோடு, எல்லாரும் ஆர்விலை வாசிக்கச் சொன்னார்கள். வானொலிக்குப் போவதற்கு முன்னால் ஊருக்கு ஒரு தடவை. அவன் பாஞ்சோவை மடியில் வைத்து வலது கையைத் தந்திமேல் கொண்டுபோனான். கை மணிக்கட்டோடு தொங்கியது. தூக்கினான், தொங்கியது. இடது கையால் வலது கையைப் பிடித்துத் தந்திமேல் வைத்தான். அது வழுக்கி மடியில் விழுந்தது.

முதலில் சிலர் சிரித்தார்கள். அவன் வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்தார்கள். ஆர்வில் நிமிர்ந்து டென்சிலைப் பார்த்து, "மாமா, கை வரமாட்டேங்குது மாமா" என்றான். அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து சரிந்தான்.

ஆஸ்பத்திரியில் ஆர்விலின் வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். வெளியூர்க்காரி, சிடுசிடுப்புக்குப் பேர் போனவள். பெரிய டாக்டர் வயிற்றைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்றார். அவளுக்கு ஏதோ இடித்தது. ஆர்விலின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தாள். பிறகு நடைக்கு வந்து, ஓப்பலையும் டென்சிலையும் எதிரே நிறுத்தினாள்.

"இவர் பேட்டரிக் கடையில வேலை பாக்கறாரா?"

"இல்லீங்க. மர ஆலை."

"பெயின்ட் அடிக்கற வேலை? ஈயம் உருக்கற வேலை?"

"இல்லீங்களே."

"குடிப்பாரா? வீட்ல காய்ச்சின சரக்கு ஏதாவது?"

ஓப்பல் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "நாங்க கோயிலுக்குப் போற குடும்பம்ங்க. எங்க வீட்ல யாரும் தொட மாட்டாங்க."

அந்த மலையில் வெளியாட்களிடம் எல்லாரும் சொல்கிற பதில் அது. அவள் அம்மாவும் சொல்லியிருப்பாள். வாய் தானாகவே சொல்லிவிட்டது.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டாள். "எனக்கு இது ஈய விஷம்னு சந்தேகம். ஈறுல நீலமா ஒரு கோடு ஓடுது. ஆனா எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாம என்னால அடிச்சுச் சொல்ல முடியல. ரத்தத்த நகரத்துக்கு அனுப்பிப் பதில் வர ரொம்ப நாளாகும். அதுவரைக்கும் பெரிய டாக்டர் காத்திருக்க மாட்டார், வயித்தக் கிழிச்சிருவார். இந்த நிலைமையில கத்தி வச்சா, புள்ள தாங்குமான்னு எனக்குத் தெரியல. எதாவது ஞாபகம் வந்தா சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்க."

நீலம் என்ற சொல் டென்சிலின் காதில் விழுந்து அங்கேயே நின்றது. ஈயம். வருஷக் கணக்காக ரேடியேட்டர் ஒட்டியவன் அவன். கசிகிற ரேடியேட்டரை எடுத்து, ஈயத்தை உருக்கி, ஓட்டைக்கு ஓட்டை வைத்து அடைத்திருக்கிறான். உள்ளே இருக்கிற இணைப்பெல்லாம் ஈயப்பற்றுதான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். தெரியாத விஷயமா? தெரிந்த விஷயம். லாரியில் இருக்கும்போது தெரிந்தது, சாராயம் இறங்கும்போது மட்டும் கண்ணை மறைத்துவிட்டது. வெந்நீர் விட்டுக் கழுவினானே, துருவைத்தானே கழுவினான்? ஆர்வில் சொன்ன அந்த இனிப்பு, சாராயத்தில் கரைந்த ஈயத்தின் இனிப்பு என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவன் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்தான். ஹோபர்ட் லாரியில் சாய்ந்தபடி நின்றிருந்தான், ஊர்க்காரர்கள் சார்பாக விசாரிக்க வந்தவன். டென்சில் தடுமாறித் தடுமாறி விஷயத்தைச் சொன்னான்.

ஹோபர்ட்டின் முகம் மாறியது. "சும்மா உளறாத. நானும் அதுலதான் இறக்கறேன். எனக்கென்ன ஆயிருச்சு?"

"உன் மூத்தவனுக்கு வயித்து வலின்னு போன மாசம் சொன்னியே."

ஹோபர்ட் படியருகே வந்து நின்றான். தணிந்த குரலில் பேசினான். "இத பாரு டென்சில். நீ உள்ள போய் வாயத் தெறந்தா, பொழுது சாயறதுக்குள்ள ஷெரிப் ஓடைக்கு வந்துருவான். உன்னோட நிக்காது. என் வீடு, அவன் வீடு, இவன் வீடு. நம்ம பாட்டன் காலத்துலேருந்து ஒருத்தனும் ஒருத்தனக் காட்டிக் குடுத்ததில்ல."

"அவன் செத்துருவான்டா."

"டாக்டருங்க பாத்துக்குவாங்க. அதுக்குத்தான அவங்க படிச்சிருக்காங்க?"

டென்சில் எழுந்து உள்ளே போனான். நடையில் ஓப்பல் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் குந்தி, ரேடியேட்டரைப் பற்றிச் சொன்னான். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவன் முகத்தையே பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனை ஒருமையில் பேசாதவள், "நீதானா?" என்றாள். "என் தம்பிக்கு நீதான் ஊத்துனியா?"

"நான்தான்."

"தேன் கலந்து குடுத்தியே. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தேனே."

அவன் கேவிக் கேவி அழுதான். அவள் அழவில்லை. "அழுவறத அப்புறம் வச்சிக்க. போய் அத எடுத்துட்டு வா. நம்ம வாய் வார்த்தைய யாரும் நம்ப மாட்டாங்க. இப்பத்தான் அந்தம்மா மூஞ்சிக்கு நேரா நானே பொய் சொல்லிட்டு உக்காந்திருக்கேன்."

மலைப்பாதையில் அவன் லாரியை அப்படி ஓட்டியதே இல்லை. போகும்போது ஹோபர்ட் சொன்னதும் சொல்லாததும் மனசுக்குள் வந்து வந்து போயிற்று. சிறை. கொட்டகையை மூடிவிடுவார்கள். கோயிலில் இரண்டாவது வரிசை போய்விடும். ஓடைக்காரர்கள் இனிமேல் அவனுக்கு ஒரு ரிப்பேர் வேலை தருவார்களா என்பதே சந்தேகம். வளைவில் அந்த அடிமரத்தின்மேல் யாரோ புதிதாக ஒரு காலி ஜாடியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் அந்தச் சரக்கைக் குடித்த மற்றவர்களும் அவன் நினைவுக்கு வந்தார்கள். அதுவரை ஆர்விலைத் தாண்டி அவன் பெரிதாக யோசிக்கவில்லை.

திரும்பி வந்தபோது ஆர்விலை அறுவை அறைக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். ஓப்பல் வண்டிக்குக் குறுக்கே நின்று, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, "நான் பொய் சொல்லிட்டேன், நான் பொய் சொல்லிட்டேன்" என்று கத்திக்கொண்டிருந்தாள். டென்சில் ரேடியேட்டரை டாக்டரம்மாவின் காலடியில் இறக்கினான். கூடவே மீதிச் சாராயம் இருந்த ஜாடியையும் வைத்தான்.

"இது வழியா இறக்கினேன்ங்க. இதுல ஈயப்பற்று இருக்கு. நான் காய்ச்சினது. நான்தான் ஊத்திக் குடுத்தேன். என்ன செய்யணுமோ செய்ங்க, அவன் வயித்த மட்டும் அறுக்காதீங்க."

டாக்டரம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. பெரிய டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள், வண்டியைத் திருப்பச் சொன்னாள். பிறகு டென்சிலைப் பார்த்து, "இன்னும் யார் யார் குடிச்சாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அதுதான் கடினமான கேள்வி. அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பேராகச் சொன்னான். தன் சரக்கைக் குடித்தவர்கள், ஹோபர்ட் சரக்கைக் குடித்தவர்கள், ஹோபர்ட்டின் மூத்த மகன். வாசலில் நின்றிருந்த ஹோபர்ட்டுக்கு அது கேட்டது. அவன் உள்ளே பாய்ந்து வந்து சட்டையைப் பிடிப்பான் என்று டென்சில் எதிர்பார்த்தான். திரும்பிப் பார்த்தபோது ஹோபர்ட்டின் லாரி மலைப்பக்கம் பறந்துகொண்டிருந்தது.

தப்பித்து ஓடுகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சாயங்காலம் அவன் திரும்பி வந்தான். வளர்ந்த தன் மூத்த மகனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான்.

ஆர்வில் பிழைத்துக்கொண்டான், ஹோபர்ட்டின் மகனும்தான். ஊசி போட்டுப் போட்டு உடம்பிலிருந்த விஷத்தை இறக்கினார்கள். உயிர் வந்தது, கை வரவில்லை. "நாளாகும், முழுசா வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்று டாக்டரம்மா நேராகவே சொல்லிவிட்டாள். வானொலிக்காரர்கள் வேறொருவனை எடுத்துக்கொண்டார்கள். ஷெரிப் வந்தார், நீதிபதி தண்டித்தார், வேறு யாரையும் ஷெரிப்பிடம் காட்டிக் கொடுக்காமல் டென்சில் மட்டும் சிறைக்குப் போய் வந்தான்.

திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பாட்டு முடிந்ததும், மனசில் இருப்பதைச் சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் போதகர். வாராவாரம் சொல்கிற வார்த்தை. டென்சில் எழுந்து நின்றான். பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"சந்துல விக்கறவன் விஷம் விக்கறான்னு நான் திட்டியிருக்கேன்" என்று ஆரம்பித்தான். "அவன் காசுக்குக் குடுத்தான், நான் பாசத்துல குடுத்தேன். வயித்துக்குள்ள போனப்புறம் ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. கரண்டில ஊத்திக் கொளுத்திப் பார்த்தேன், நீலமா எரிஞ்சுச்சு. அத நம்பாதீங்க. அது சரக்கு எரியும்னு சொல்லும், கொல்லாதுன்னு சொல்லாது. யார் வீட்லயாவது ரேடியேட்டர் இருந்தா, எனக்காக வேணாம், உங்க புள்ளைங்களுக்காக ஒடச்சுப் போடுங்க."

யாரும் ஆமென்கூடச் சொல்லவில்லை. அவன் உட்கார்ந்தான். பக்கத்தில் ஆர்வில், தொங்கும் கையைத் துணியில் கட்டி மார்போடு போட்டிருந்தான். நல்ல கையால் மாமன் முழங்காலைத் தட்டி, "பேசத் தெரியாதவர் பேசிட்டீங்க" என்றான். "இனி கஞ்சி காய்ச்சவும் பழகிக்கலாம்."

அடுத்த நாள் காலையில் பனி மூட்டத்தில் மூவரும் ஓடை வளைவு வழியாகப் போனார்கள். ஆர்விலின் கைக்கு வைத்தியம் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள். டென்சில் பிரேக்கை மிதித்தான். அடிமரத்தின்மேல் ஜாடி எதுவும் இல்லை. ஒரு ரேடியேட்டர் இருந்தது. கீழே புல்லில் இன்னொன்று சாய்ந்திருந்தது, அதன்மேல் இன்னொன்று, பின்னால் இன்னும் சில. யார் வைத்தது என்று தெரியாது. வழக்கம்போல யாரும் கேட்கவும் போவதில்லை. ஹோபர்ட்டுடையது எது என்று மட்டும் டென்சிலுக்குத் தெரிந்தது, அதன் ஓட்டையை ஒரு காலத்தில் அடைத்துக் கொடுத்தவனே அவன்தான்.

"இத்தனை வீட்லயா இருந்துச்சு?" என்றான் ஆர்வில் மெதுவாக.

ஓப்பல் வண்டியை விட்டு இறங்கி, அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் நிறைந்தது.

"மானம் போயிரும்னு ஒவ்வொரு வீடும் வாய மூடிக்கிட்டு, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க புள்ளைக்கு விஷத்த ஊத்திக்கிட்டு இருந்திருக்கோம்" என்றாள். "மறைச்சு மறைச்சு எதக் காப்பாத்துனோம்? ஒருத்தர் முன்னாடியே வாயத் தெறந்திருந்தா, என் தம்பி கை இன்னைக்குத் தந்தி மேல இருந்திருக்கும்."

டென்சில் இறங்கி, ஒவ்வொன்றாகத் தூக்கி லாரியில் ஏற்றினான். ஆர்வில் தன் ஒற்றைக் கையால் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தான்.